தகடு இழுக்க ஒரு டீசல் வண்டி

நவம்பர் 3, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் இடி. ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து மழை. குடை மேஜை டிராயரிலேயே. பாதிப் புடவை ஈரம்.

ஜீப் போயிற்று. மெக்கானிக் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். சேஸிஸ் முழுக்கத் துரு. வெல்டிங் வைத்தால் வெல்டிங் நிற்கும், வண்டி நிற்காது என்றாராம். இவர் ரசம் சாதத்தோடு எழுந்துகொண்டார். மோர் வேண்டாமாம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் மோர் வேண்டாமென்றது இது மூன்றாவது தடவை.

ஆபீஸில் பக்கத்து ஸீட் கீதா கேட்டாள், மாதம் ஒரு ஞாயிறு நெடுமங்காட்டில் அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று. சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஷாஜி, இவரோடு காலேஜ் ஒர்க்ஷாப்பில் வேலை. அவன் வீட்டு ரப்பர்த் தோட்டத்துக்குக் கீழே ஒரு சேற்று வயல். கட்டில் அளவுக்கு ஓர் இரும்புத் தகடு, முன்பக்கம் வளைத்தது. அதன்மேல் கருங்கல். வண்டியின் பின்னால் சங்கிலி மாட்டி இழுக்க வேண்டும். யார் அதிக தூரம் இழுக்கிறாரோ அவர் ஜெயித்தார். முதலில் தோட்டத்துக் கல்லை அப்புறப்படுத்தத்தான் அந்தத் தகட்டைச் செய்தார்கள். கல் தீர்ந்தது, இழுப்பு தீரவில்லை. "பரிசு?" என்றாள் கீதா. ஒரு குலை ஏத்தன்பழம், அதாவது நேந்திரம்பழம் என்றேன். அவள் ஃபைலைத் திறந்துகொண்டாள்.

என் வேலையை அவளிடம் சொல்லவில்லை. ஓட்டுகிறவருக்குப் பின்னால் தகடு தெரியாது. நான் பக்கத்தில் சேற்றில் நடப்பேன். தகட்டின் முன்விளிம்பு இரண்டு விரற்கடை எழும்பும். அந்த நொடியில் கையைத் தூக்குவேன். இவர் இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றுவார். முந்தினால் எஞ்சின் திணறும். பிந்தினால் டயர் குழி பறித்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்பது வருஷமாகக் கை தூக்குகிறேன். இதுவரை ஏழு குலை.

காஸ் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

புது வண்டி வாங்குவது என்று முடிவு. இவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது:

டீசல். பிக்கப். நாலு கதவு.
நாலு சக்கரமும் இழுக்கணும். லோ கியர் தனியாக வேண்டும்.
பின் டிஃபரன்ஷியலில் லாக்.
என்னை ஆபீஸில் விட்டு, காலேஜ் போய், சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு வரத் தோதாக இருக்க வேண்டும்.
எங்கள் தெருவில் திரும்ப வேண்டும்.
மானுவல் கியர்.

கடைசி வரியைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது. நான் எதுவும் கேட்கவில்லையே!

டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, அதைத் திரும்பத் திரும்ப அழுத்தி மிதிக்கிற வேலை எதுவும் கூடாது. டாக்டர் வாயிலிருந்து க்ளட்ச் என்ற சொல் வரவில்லை. ஆகவே அந்த உத்தரவு க்ளட்ச்சுக்குப் பொருந்தாது என்பது இவர் கட்சி. இந்த மாதிரி வியாக்கியானத்தை எங்கள் செக்‌ஷனில் நான் தினம் நாலு பார்க்கிறேன்.

"ஓட்டோமேட்டிக் ஸோஃபால உக்காந்துண்டு போறவாளுக்காக்கும். தகடு இழுக்கறவனுக்கு இல்லை." ஊரெல்லாம் இதைச் சொல்லி வைத்திருக்கிறார். ஷாஜியிடம், மெக்கானிக்கிடம், போன வருஷம் கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவரிடம். இனி எப்படி வாபஸ் வாங்குவது?

என் பேரிலும் தப்பு. ஆட்டோமேட்டிக் என்று நான் ஏன் வாய் திறக்கவில்லை? இங்கே எழுதலாம், யார் பார்க்கப்போகிறார்கள். மானுவல் வந்தால் இவர் முழங்கால் ஒரு மாதம் தாங்காது. அப்புறம் யார் ஓட்டுவது? நான்தான். லைசென்ஸ் எனக்கும் உண்டு. இந்தக் கணக்கு எனக்குள் ஓடுகிறது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஓடுகிறது.

நவம்பர் 6, வியாழன்

விடிகாலையில் தூறி நின்றது. தெரு காய்ந்ததும் வேலை ஆரம்பம்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு எவ்வளவு குறுகல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி நீளம் ஐந்தேகால் மீட்டருக்கு மேல், அகலம் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வாசலில் நிறுத்தினால் மற்றவர்கள் போக இடம் இருக்குமா? இவர் அளக்கக் கயிற்றோடு வந்தார். கயிறு வேண்டாம், ஒருநாள் முழுக்கக் கிடந்தால்தான் தெரியும் என்று நான் கோலப்பொடியால் வண்டியின் அளவை வாசலில் வரைந்தேன். நாலு கோடு. பக்கக் கண்ணாடிக்கு இரண்டு காது. லீவு போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

எதிராத்து அலமேலு மாமி எட்டு மணிக்கு வந்து நின்றாள்.

"என்னடீம்மா இது, ஆமையா?"

"வண்டி மாமி. வாங்கப்போறோம்."

"வண்டியோ! அப்போ வெறும் கோடா விடப்படாது."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் உள்ளே ஒரு தாமரை, நாலு மூலையிலும் சங்கு, காவி வேறு. நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதரைக்குள் மூன்று ஸ்கூட்டர், ஒரு மீன்... இல்லை, மீன்காரர் இந்தத் தெருவுக்கு வர மாட்டார், அது கீரைக்காரர். எல்லோரும் ஓரமாக, காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் போனார்கள். ஸ்கூல் ஆட்டோ வந்து நின்று, யோசித்து, ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே போய்விட்டது. குழந்தைகள் தெருமுனைக்கு நடந்தன.

இடம் போதாது என்று நோட்டில் எழுதினேன். இவர் சாயங்காலம் வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வண்டியா இருந்தா ஒரசிண்டு போவாடீ. கோலத்தை எவன் மிதிப்பன்? அதான் ஒதுங்கிப் போறா!"

சரிதான். ஒரு நாள் லீவு வீண். இரவு எட்டு மணிக்கு மழை வந்து தாமரையையும் அடித்துக்கொண்டு போயிற்று. வண்டியைத் தெருக்கோடிக் குளக்கரையில் நிறுத்துவதாகத் தீர்மானம்.

நவம்பர் 8, இரண்டாம் சனி

ஆபீஸ் லீவு. வெயில். ஷோரூம்.

விளக்கிச் சொல்ல வந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும், நல்ல சுறுசுறுப்பு. அவளும் இவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "ஸார், மானுவல் வேணோ, ஓட்டோமேட்டிக் வேணோ?" எனக்கு ஜூஸ் கொடுத்தாள். ஸீட் துணி என்ன கலர் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டாள். லோ கியரில் முதல் விகிதம் என்ன என்று நான் கேட்டதும் ப்ரோஷரைப் புரட்டினாள். பாவம், அதில் இல்லை.

முதலில் மானுவல். இவர் ஓட்ட, நான் பின்னால், அந்தப் பெண் முன்னால். தம்பானூர் ஓவர்பிரிட்ஜ் ஏற்றத்தில் சிக்னல். பச்சை விழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் அரசு பஸ் ஹார்ன். ஸ்டார்ட் பண்ணி மறுபடி ஒரு குலுக்கு. மறுபடி நின்றது. இவர் பிடரி வேர்த்திருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

"க்ளட்ச் ரொம்ப ஹெவியாக்கும்," என்றார். அந்தப் பெண் ஆமாம் ஸார் என்றாள். நல்ல பெண். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

க்ளட்ச் ஹெவி இல்லை. தாண்டியதும் ஓரங்கட்டச் சொல்லி நான் ஓட்டினேன். அது வெண்ணெய்.

எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே நான் திரும்பவில்லை. அடுத்த திருப்பத்திலும் இல்லை. சாக்கை, அப்புறம் பைபாஸ். உயரமான ஸீட். ஆட்டோக்கள் தானாக விலகின. மூன்றாம் கியரில் மிதித்தபோது முதுகை ஒரு கை பிடித்துத் தள்ளின மாதிரி. எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து! அந்தப் பெண் போனில் ஷோரூமுக்கு, "வருந்நுண்டு, வருந்நுண்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அரை மணி ட்ரைவ், ஒரு மணி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது.

இவர் பின் ஸீட்டில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஆட்டோமேட்டிக்கைத் தொடக்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நவம்பர் 9, ஞாயிறு

மந்தாரம். துணி காயவில்லை.

சண்டை. சேப்பங்கிழங்கு ரோஸ்ட் கருகியதில் ஆரம்பித்து வண்டிக்கு வந்தது. இவர் முழங்காலுக்கு நீக்கேப் போட்டுக்கொண்டு மானுவலே ஓட்டுவாராம். நான் சொன்னேன், நேற்று பார்த்தோமே. "நேத்திக்கு ஏத்தம். சேத்துல ஏத்தம் கெடையாது." எனக்கு வந்ததே கோபம்.

"ஒம்பது வருஷமா கையைத் தூக்கறேன். ஒரு நாள் நான் இழுக்கப்படாதா? ஒருத்தராவது கேட்டேளா, நோக்கு ஆசை இருக்கானு?"

சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கருகின கிழங்கை எல்லாம் ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். அதற்கு என்ன அர்த்தம்?

நவம்பர் 11, செவ்வாய்

மழை. பஸ்ஸில் ஒருவர் போனில், "ஞான் எத்தி, தாண்டே எத்தி" என்று, வந்தே சேர்ந்துவிட்டதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார். பஸ் கிழக்கேகோட்டையையே தாண்டவில்லை.

மத்தியானம் ஃபைல் பார்க்க ஓடவில்லை. இவருக்கு ஐம்பத்தைந்து வயசு. காலேஜில் பையன்கள் வைத்த பட்டப்பெயர்கூட கியர் ஸ்வாமி. ஒரு மாதத்தில் அந்த ஒரு ஞாயிறுதான் இவர் முகம் வேறு முகம். அதை நான் எடுத்துக்கொள்வதா? எடுத்துக்கொண்டு அந்த ஸீட்டில் என்னால் உட்காரத்தான் முடியுமா?

ஆட்டோமேட்டிக்கில் க்ளட்ச் இல்லை. இடது காலுக்கு வேலை இல்லை. கியர் தானே மாறும். ஆக, தகட்டைப் பார்த்துக் கை தூக்கவும் ஆள் வேண்டாம். அது எனக்கு இன்றுதான் உறைத்தது. இவர் ஓட்டுவார், நான் வரப்பில் குடை பிடித்து நிற்பேன்.

பரவாயில்லை என்று எழுதினேன். அடித்தேன். பரவாயில்லாமல் இல்லை.

சாயங்காலம் ஆரியசாலையில் இறங்கி, இரும்புக் கடையில் புதுச் சங்கிலி கேட்டேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கம். "யானைக்கா, வள்ளத்துக்கா?" என்றார், வள்ளம் என்றால் படகு. தகட்டுக்கு என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்பம் யானைச் சங்கிலியே எடுத்துக்கிடுங்க, அறாதுல்லா" என்றார். தூக்க முடியாமல் ஆட்டோ பிடித்தேன்.

இவரிடம் சொல்லிவிட்டேன்: "ஓட்டோமேட்டிக்கே எடுத்துக்கலாம். நீங்க ஓட்டுங்கோ. நேக்கு ஆபீஸ் போய் வந்தாப் போரும்."

"ஷாஜி என்ன சொல்லுவன்?"

"என்ன வேணா சொல்லட்டும். அவன் முழங்காலா?"

இவர் சங்கிலியைக் கையில் எடுத்து ஒவ்வொரு வளையமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

நெடுமங்காடு. நேற்று முழுக்கக் கொட்டியதில் வயல் பிரமாதமான சேறு. இன்று வெயில்.

ஷாஜிதான் ஏற்பாடு. அவனுடைய மானுவல் பிக்கப் ஒன்று. அவன் மச்சினன் ஆட்டோமேட்டிக் ஒன்று கொண்டுவந்திருந்தான். இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும் என்று. "ஸ்வாமீ, ஓட்டோமேட்டிக் எடுத்தால் எந்தா குழப்பம்? ஆரும் சிரிக்கில்லா," என்றான் ஷாஜி. இத்தனை நாள் பயந்தது இவ்வளவுதான்.

தகட்டில் பன்னிரண்டு கல். இவர் ஆட்டோமேட்டிக்கில் ஏறினார். இடது காலை நீட்டி வைத்துக்கொண்டார். நான் வழக்கம்போல் பக்கத்தில். தகடு எழும்பியது, கையைத் தூக்கினேன், பழக்கதோஷம். அதற்குள் கியர் தன்பாட்டுக்கு மாறிவிட்டிருந்தது. டயர் சுழலவே இல்லை. அலுங்காமல் இழுத்துக்கொண்டே போனார். நான் பின்தங்கிவிட்டேன். போன மாதம் ஜீப்பில் இழுத்ததைவிட எட்டு அடி அதிகம்!

இறங்கும்போது அந்த முகம். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பல் தெரியவில்லை. ஸோஃபா பேச்சையெல்லாம் காணோம். எனக்கும் சந்தோஷம்தான். பொய் எழுதவில்லை. கையைத் தூக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன் போலிருக்கிறது, ஷாஜி வந்து, "சேச்சீ, கை தாழ்த்து" என்றான்.

அப்புறம் அவனே, "சேச்சி ஒரு ரவுண்டு இழுக்குந்நோ?" என்று மானுவல் சாவியை நீட்டினான். நான் இவரைப் பார்த்தேன். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். செருப்பில்லாமல், அந்த முழங்காலோடு.

"நான் கை தூக்கறேன். பாத்துக்கோ."

லோ. இரண்டாவது. க்ளட்ச்சை விட்டேன். சங்கிலி விறைத்தது, எஞ்சின் முனகியது, ஒன்றும் நகரவில்லை. அப்புறம் நகர்ந்தது. சேற்றின் சத்தம் முதலில் சளக் சளக். ஒரு இடத்தில் அது மாறி, நீளமாக, புடவை கிழிகிற மாதிரி. ஸீட் வழியாக முதுகில் தெரிந்த பாரம் ஒரு துளி குறைந்தது. மூன்றாவது போட்டேன். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. இழுத்தது, இழுத்தது, நின்றது.

இவருடையதைவிட ஐந்தடி கம்மி. எல்லோரும் கைதட்டினார்கள். ஏத்தன்குலை, எங்கள் இரண்டு பேரையும் மிஞ்சி இழுத்த மச்சினனுக்கு.

இவர் நொண்டிக்கொண்டே வந்து ஜன்னலில் கை வைத்தார். "நீ என் கையைப் பாக்கவே இல்லையே."

"பாத்தேனே."

"இல்லை. நான் தூக்கறதுக்குள்ள போட்டுட்டே. கரெக்டா போட்டே."

குறையாகச் சொல்கிறாரா, என்னவென்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டார். தூங்கின மாதிரி இருந்தார்.

நவம்பர் 17, திங்கள்

ஆபீஸ். முழங்கால் நன்றாக வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தேன். நல்ல வேளை, இனி ஆட்டோமேட்டிக் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கலரை இவரே சொல்லட்டும்.

மட்டை அரிசி தீர்ந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

மழை இல்லை. காற்று.

ஷோரூம் பெண் புக்கிங் பாரம் கொடுத்து அனுப்பியிருந்தாள். நான் வருவதற்குள் இவர் பூர்த்தி பண்ணி மேஜையில் வைத்திருந்தார். ஒர்க்ஷாப் கையெழுத்து, பெரிய பெரிய எழுத்து. உரிமையாளர் பெயர்: என் பெயர். கலர்: வெள்ளை. கியர்: மானுவல்.

இரண்டு தடவை படித்தேன்.

"என்னன்னா இது? முழங்கால் என்னாறது?"

"முழங்கால் எனக்காக்கும். உனக்கில்லையே."

"ஓட்டோமேட்டிக்னா ரெண்டு பேரும் ஓட்டலாமே. ஆளுக்கு ஒரு ஞாயித்துக்கெழமை."

இவர் சிரித்தார். "ஓட்டோமேட்டிக் வந்தா நான் ஸீட்டை விட்டு எறங்க மாட்டேன்டீ. ஒரு மாசம் நீ, ஒரு மாசம் நான்னு சொல்லுவேன், அப்பறம் எல்லா மாசமும் நானே உக்காந்துப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?"

"காலேஜுக்கு எப்படிப் போவேள்?"

"ஸ்கூட்டர் இருக்கு. கியர் இல்லாத ஸ்கூட்டர்." அந்தச் சொல்லை வேண்டுமென்றே அழுத்திச் சொன்னார்.

அப்புறம் குழம்பைச் சுடவைக்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த முகத்தை நான் பார்த்தேன். எட்டு அடி அதிகம் இழுத்த முகம். இனி அது இல்லை என்று இந்தப் பாரத்தில் எழுதியிருக்கிறது, இவர் கையாலேயே.

கியர் வரியில் இருந்தது ஒரே ஒரு சொல். கோடு போட்டு அடித்து, மேலே வேறு சொல் எழுத அரை நிமிஷம் ஆகாது. சமையலறையில் பாத்திரச் சத்தம். எட்டிப் பார்க்கவில்லை இவர். பேனா என் கையில்தான் இருந்தது.

அந்தச் சொல்லைத் தொடாமல் கையெழுத்துப் போட்டேன்.